பாஸ்வேர்டை மறக்கும் பெட்டி

பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் ஃபிலோமினா டீச்சருக்கு ஒரு சின்னக் கடை இருந்தது. முன்பு பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தியவர். அந்த வேலையை விட்டுவிட்டு, வீடுகளுக்கு வைஃபை போட்டுக்கொடுப்பதும் பழுது பார்ப்பதுமாக இருந்தார். வயது நாற்பதுகூட ஆகவில்லை.

அவரிடம் தொழில் பழக வந்த ஐயம்பெருமாளுக்கு ஐம்பத்துநான்கு. ராணுவத்தில் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். பனிக்குள் அறுந்து கிடந்த கம்பியை விரலால் தடவியே கண்டுபிடித்த மனுஷன். பழுது என்று ஒன்று இருந்தால் காரணம் என்று ஒன்று இருக்கும், அதைப் பிடிக்காமல் திரும்பக் கூடாது என்பது அவர் பிடிவாதம்.

அவர் டீச்சர் என்று கூப்பிடுவார். டீச்சர் அவரை அண்ணாச்சி என்பார்.

டீச்சர் மேல் அவருக்கு ஒரே ஒரு குறை இருந்தது. மகாராஜநகர் வீட்டு விஷயத்தில்.

அந்த வீட்டில் பிரம்மநாயகமும் அவர் மனைவி வடிவும் மட்டும்தான். பிரம்மநாயகத்துக்குப் பக்கத்துத் தெருவிலேயே ஆபீஸ். அவர்கள் வீட்டு வைஃபை பெட்டி அடிக்கடி பாஸ்வேர்டை மறந்துவிடும். காலையில் அவர் கிளம்பும்போது சரியாக இருக்கும். சாயங்காலம் வந்து பார்த்தால் போன் சேராது. ஹாலில் மாட்டியிருந்த கேமராவும் அன்று மத்தியானத்துக்கு முன்பே நின்றுபோயிருக்கும்.

டீச்சர் ஐயம்பெருமாளையும் கூட்டிக்கொண்டு இரண்டு முறை போனார். முதல் முறை அடாப்டரை மாற்றினார். இரண்டாவது முறை பெட்டியையே மாற்றினார். “கரண்ட் ஏற்ற இறக்கம் சார், இந்த ஏரியாவுல அப்படித்தான்” என்று சொல்லிவிட்டு வந்தார்.

திரும்பி வரும்போது ஐயம்பெருமாளுக்கு மனசு ஆறவில்லை.

“கரண்டுனால பாஸ்வேர்டு போகுமா டீச்சர்?”

“போகாது.”

“அப்ப என்ன பழுதுன்னு கண்டுபிடிக்க வேண்டாமா?”

“எல்லாத்தையும் கண்டுபிடிச்சே ஆகணுமா அண்ணாச்சி?” என்றார் டீச்சர்.

படித்துப் பாடம் நடத்தியவருக்குக் கை ஓடவில்லை, அதைச் சொல்ல வெட்கப்படுகிறார் என்று ஐயம்பெருமாள் நினைத்துக்கொண்டார்.

மூன்றாவது முறை அந்த வீட்டிலிருந்து போன் வந்தபோது டீச்சர் காய்ச்சலில் படுத்திருந்தார்.

“நீங்க போயிட்டு வாங்க அண்ணாச்சி. பழைய பாஸ்வேர்டையே போட்டுக் குடுங்க. கேமராவைச் சேத்துவிடுங்க. கிளம்பி வந்துருங்க. வேற எதையும் நோண்ட வேண்டாம்.”

“சரி டீச்சர்” என்றார்.

சனிக்கிழமை காலை. பிரம்மநாயகம் வீட்டில்தான் இருந்தார். தன்மையான மனிதர். குரலை உயர்த்தவே மாட்டார். ஐயம்பெருமாளைப் படுக்கையறைக்குக் கூட்டிப்போய், அலமாரி மேல் இருந்த பெட்டியைக் காட்டினார்.

“நேத்தும் போயிடுச்சு. பதினொரு மணியோட கேமரா கட்.”

ஐயம்பெருமாள் பெட்டியை இறக்கி மடியில் வைத்துக்கொண்டார். பழைய பாஸ்வேர்டைப் போட்டிருந்தால் இரண்டு நிமிஷ வேலை. கை கேட்கவில்லை. புரட்டிப் பார்த்தார். பின்பக்கம் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை. அதைச் சுற்றிலும் புதுக் கீறல்கள்.

பனியில் கம்பி அகப்பட்டபோது நெஞ்சுக்குள் வந்த அதே துள்ளல்.

“சார், இங்க பாருங்க. கரண்ட் போனா பெட்டி அணைஞ்சு எரியும், அவ்வளவுதான். இதுல நாங்க போட்ட வைஃபை பேரும் மாறியிருக்கு, பாஸ்வேர்டும் போயிருக்கு. இந்த ஓட்டைக்குள்ள எதையோ விட்டுப் பத்து செகண்டு அழுத்தினாத்தான் இப்படி ஆகும். அழுத்தினா, கடையில வாங்குனப்ப இருந்த மாதிரி ஆயிரும். அப்புறம் அடியில ஒட்டியிருக்கு பாருங்க பாஸ்வேர்டு, அதைப் போட்டா யாரு வேணாலும் சேந்துக்கிடலாம்.”

“யாரு வேணாலுமா?”

“எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிஞ்சா போதும் சார்.”

பிரம்மநாயகம் குனிந்து அந்தக் கீறல்களை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

“அந்தம்மா ரெண்டு தடவை வந்தும் கண்டுபிடிக்கல. நீங்க ஒரே தடவையில பிடிச்சுட்டீங்களே.”

ஐயம்பெருமாளுக்கு உச்சி குளிர்ந்தது.

“வடிவு, சாருக்குக் காப்பி.”

வடிவு காப்பி கொண்டுவந்தாள். முப்பது வயது இருக்கும். டம்ளரை வைத்தவள் பெட்டி அவர் மடியில் கவிழ்ந்து கிடப்பதைப் பார்த்தாள். அவள் தோளில் சேலையைப் பிடித்திருந்த ஊக்கைப் பிரம்மநாயகம் பார்த்தார்.

“இந்த ஓட்டையை அடைச்சிட முடியுமா?”

“எம்சீல் வெச்சா கல்லு மாதிரி ஆயிரும் சார்.”

பையிலிருந்து எம்சீலை எடுத்து, இரண்டு உருண்டையையும் ஒன்றாகப் பிசைந்து, ஓட்டைக்குள் திணித்து, கட்டைவிரலால் வழித்துவிட்டார். அடியில் ஒட்டியிருந்த தாளையும் சுரண்டி எடுத்தார். எம்சீல் காயும்வரை வடிவு நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவர் கிளம்பும்போது வடிவு கேட்டாள்.

“டீச்சர் வரலையா?”

“காய்ச்சலும்மா.”

“எப்ப வருவாங்க?”

“இனி வரவே வேண்டாம்மா. பழுது தீந்துபோச்சு.”

டீச்சருக்குப் போனில் சொல்லலாம்தான். நேரில் சொல்லி அந்த முகத்தைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது அவருக்கு. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. திங்கட்கிழமை டீச்சர் சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்ததும் ஒன்றுவிடாமல் சொன்னார்.

எம்சீல் என்றதும் டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார்.

“வண்டியை எடுங்க அண்ணாச்சி.”

மகாராஜநகர் வீட்டு வாசலில் ஒரு ஆட்டோ நின்றது. கேட்டைப் பிடித்தபடி ஒரு பெண். வடிவின் அதே ஜாடை.

“நீங்க டீச்சரா?” என்றாள். “நான் அவ தங்கச்சி. தூத்துக்குடியில இருந்து வாரேன். திங்கக்கிழமை பதினொரு மணிக்கு ஆட்டோவோட வா, பெட்டியை அமுக்கிட்டு வாசலுக்கு வந்துருவேன்னு சொல்லியிருந்தா.”

கதவில் வெளிப்பூட்டு தொங்கியது.

பக்கத்து வீட்டு அம்மாள் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார். “முந்தாநாள் சாயங்காலமே பெட்டி படுக்கையோட கார்ல போயிட்டாங்களே. எந்த ஊருன்னு சொல்லல. அந்தப் பிள்ளை எங்ககிட்ட எப்பவும் பேசாது. அன்னைக்கு மட்டும் கார்ல ஏறும்போது எங்க வீட்டைத் திரும்பித் திரும்பிப் பாத்துது.”

ஆட்டோக்காரர் இன்ஜினை அணைத்தார்.

அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு டீச்சர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். ஐயம்பெருமாள் வெளியே வேப்பமரத்தடியில் நின்றார். உள்ளே ஒருவர் கேட்பது அவருக்குக் கேட்டது. “புருஷன் பொண்டாட்டியைக் கூட்டிக்கிட்டு ஊருக்குப் போனது ஒரு கம்ப்ளைண்டாம்மா?” டீச்சர் விடாமல் மூன்று மணி நேரம் உட்கார்ந்து மனுவை எழுதிக்கொடுத்து, ரசீதை வாங்கித் தங்கையிடம் கொடுத்தார். தங்கை அதை மடிக்கத் தெரியாதவள்போலக் கையிலேயே வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

கடைக்குத் திரும்பியதும் டீச்சர் நாற்காலியில் சாய்ந்தார். மறுபடி காய்ச்சல் ஏறியிருந்தது.

“உங்களுக்கு முதல்லயே தெரியுமா டீச்சர்?”

“முதல் நாள் தண்ணி கேட்டு அடுக்களைக்குப் போனேன்ல, அப்பவே தெரியும். அவ போன்ல இருந்து சிம்மை எடுத்துட்டாரு. வைஃபை பாஸ்வேர்டு அவருக்கு மட்டும்தான். ஒரு தடவை தெருமுனை வரைக்கும் போனாளாம். கேமராவுல பாத்துட்டு அஞ்சு நிமிஷத்துல வந்து நின்னாராம். அன்னைக்கு என்ன நடந்துதுன்னு சொல்லல. கையைக் காட்டினா.”

ஐயம்பெருமாள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“பெட்டியை அமுக்குனா கேமரா நின்னுரும், தங்கச்சிகிட்ட பேசலாம். தங்கச்சி வேலையும் வீடும் பாத்துட்டிருந்தா. இருபது நாள் போதும் டீச்சர்னு கேட்டா. பதினேழு நாள் ஆயிருந்துச்சு.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு கையைப் பிடிச்சுக்கிட்டா. சொல்லல. நோண்டாதீங்கன்னு சொன்னாப் போதும், கேப்பீங்கன்னு நினைச்சேன். அது என் தப்பு.”

அவர் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் ஐயம்பெருமாளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். கட்டைவிரல் நகத்தடியில் எம்சீல் ஒட்டியிருந்தது. சுரண்டிப் பார்த்தார். வரவில்லை.

அவருக்குத் தாங்கவில்லை.

“நான் மனசறிஞ்சு செய்யல டீச்சர். கூப்பிட்டாங்க, போனேன். பழுதுன்னு சொன்னாங்க, சரி பண்ணினேன். தொழில்காரன் வேற என்ன செய்வான்?”

“பழுதுன்னு யார் அண்ணாச்சி சொன்னது?”

“அந்த வீட்டுக்காரர்தான்.”

டீச்சர் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

“அந்த வீட்டுல எத்தனை பேர்?”

“ரெண்டு பேர்” என்றார் ஐயம்பெருமாள், கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே.