பன்றியின் சண்டையும் கொக்கின் தூண்டிலும்

மலையடிவாரக் காட்டில், குளத்துக்குப் பக்கத்துக் குகையில், ஒரு கரடி கேம் சென்டர் நடத்தி வந்தது. அங்கே இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். மின்சாரம் எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். கரடி கடை நடத்துவதை நம்புகிறவர்கள் இதையும் நம்பலாம்.

கம்ப்யூட்டர் பெட்டிக்குள் ஒரு கிராஃபிக்ஸ் கார்டு இருந்தது. திரையில் ஓடும் படத்தையெல்லாம் கணத்துக்குக் கணம் வரைந்து தள்ளுவது அதன் வேலை. பழைய கார்டுதான். வேலை அதிகமானால் சூடேறும். சூடு எல்லை மீறினால் பெட்டி தானாகவே அணைந்துவிடும். அப்புறம் அது ஆறும்வரை யாருக்கும் விளையாட்டு இல்லை.

அதனால் கரடி ஒரு சட்டம் போட்டிருந்தது.

"சத்தமான கேம் ஆடினா கார்டு களைச்சுப் போயிடும். அதை ஆடுறவங்க ஒரு ஆட்டத்தோட எந்திரிச்சிடணும். அமைதியான கேம் ஆடுறவங்க எவ்வளவு நேரம் வேணும்னாலும் உட்காரலாம்!"

எல்லா விலங்குகளும் தலையாட்டின. கத்தினால் நமக்குத் தொண்டை வலிக்கிறதே, கார்டுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டன. அதற்கு மேல் யாரும் யோசிக்கவில்லை.

இந்தச் சட்டத்தால் சுகமாக வாழ்ந்தது கொக்கு. காலையிலேயே வந்து மீன்பிடி கேமைப் போட்டுக்கொண்டு உட்காரும். திரையில் பெரிய ஏரி, கரையெல்லாம் நாணல், மேலே தூறல். தூண்டிலைப் போட்டுவிட்டு அசையாமல் காத்திருக்கும். வெளியே நிஜக் குளம் இருக்கும்போது இது எதற்கு என்று யாராவது கேட்டால், "இங்கே கால் நனையாது!" என்று சொல்லும்.

சட்டத்தால் தவித்தது காட்டுப்பன்றி. அதற்கு உயிர் மல்யுத்த கேம். கட்டை கட்டையாக இரண்டு பொம்மைகள் மொட்டைத் தரையில் மோதிக்கொள்ளும். அடிக்கு அடி "டமார்!" என்று குகையே அதிரும். போதாக்குறைக்குப் பன்றியும் கூடவே உறுமும். ஒரு ஆட்டம் முடிந்ததும் கரடி அதன் தோளைத் தட்டும். பன்றி மறுபேச்சுப் பேசாமல் எழுந்து போய்விடும்.

இவ்வளவு கவனமாக இருந்தும் மத்தியானம் ஆனால் பெட்டி அணைந்தது. ஒருநாள் கொக்கின் தூண்டிலில் பெரிய விரால் மாட்டியிருந்தது. கொக்கு அதை இழுத்துக் கரைசேர்க்கும் நேரத்தில் திரை கறுத்துப் போனது.

கொக்குக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"கரடியண்ணே! காலையில இந்தப் பன்றி ஆடிட்டுப் போச்சுல்ல? அந்தச் சூடுதான்! இன்னும் அதை உள்ளே விட்டீங்கன்னா கார்டு கருகிப் போயிடும். அப்புறம் இந்தக் குகையில வௌவால்தான் தொங்கும்!"

கரடி பயந்துவிட்டது. கருகிப் போன கார்டுக்கு மாற்றுக் கார்டு காட்டில் எங்கே கிடைக்கும்? மறுநாள் காலை எல்லாரையும் கூட்டி, பன்றியைப் பார்த்துச் சொன்னது.

"தம்பி, மனசுல வச்சுக்காதே. இனிமே நீ இங்கே வரவேண்டாம்."

பன்றிக்கு முகம் சுருங்கிப் போயிற்று.

"அண்ணே, வயல் பக்கம் போனா வெடி போடுறாங்க. ஊர்ப்பக்கம் போனா நாயை ஏவுறாங்க. 'வா, உட்காரு'ன்னு என்னைக் கூப்பிட்டது இந்தக் குகை ஒண்ணுதான். நான் வேணா சத்தத்தை நிறுத்திட்டு ஆடுறேன். வாயைக்கூடத் திறக்க மாட்டேன். போகச் சொல்லாதீங்க!"

கரடிக்கு மனசு இளகியது. கொக்கு விடவில்லை.

"பாவம் பார்க்காதீங்கண்ணே! சாட்சி வேணுமா? பெட்டிக்குப் பின்னாடி சுருண்டு கிடக்கிற சாரைப்பாம்பைக் கேளுங்க. பன்றி ஆட உட்கார்ந்தாலே அது தாங்க முடியாம வெளியே ஓடிடுது!"

அது உண்மைதான். எல்லாரும் பார்த்திருந்தார்கள். இப்போது எல்லார் கண்ணும் சாரைப்பாம்பின் மேல் திரும்பியது. சாரை தலையைத் தூக்கிப் பன்றியைப் பார்த்தது. உண்மையைச் சொன்னால் தன் சுகத்தில் மண் விழும் என்று அதற்குத் தெரியும். சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

"நான் வெளியே போறது நிஜம்தான். ஆனா சத்தத்துக்காக இல்லை. குளிருது, போறேன்!"

"குளிருதா?" என்றது கரடி.

"ஆமாண்ணே! பன்றி ஆடுறப்போ பெட்டி சில்லுன்னு கிடக்கு. நான் வெயிலைத் தேடிப் போக வேண்டியிருக்கு. கொக்கு உட்கார்ந்தாத்தான் கதகதன்னு இருக்கும். அந்தச் சுகத்துக்காகத்தான் இத்தனை நாளா வாயைத் திறக்கலை. என் தப்புதான்."

"பொய்!" என்று கத்தியது கொக்கு. "ஒரு ஏரி, ஒரு தூண்டில். நானோ மூச்சுக்கூடச் சத்தமா விடுறதில்லை. இதுல எங்கேருந்து சூடு வரும்?"

"சண்டை எதுக்கு? தொட்டுப் பார்த்துடுவோம்!" என்றது கரடி.

முதலில் பன்றி உட்கார்ந்தது. ஒரு ஆட்டம் இல்லை, ஆட்டத்துக்கு மேல் ஆட்டம். டமார்! டமார்! கரடி பெட்டியின் மேலேயே கையை வைத்திருந்தது. வெதுவெதுப்புகூட இல்லை. உள்ளே இருந்த விசிறி தூங்கி வழிந்துகொண்டிருந்தது.

அடுத்து கொக்கு. தூண்டிலை வீசிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். விசிறி 'விர்ர்ர்' என்று இரையத் தொடங்கியது. படம் திக்கித் திக்கி நகர்ந்தது. கரடி கையை உதறிக்கொண்டது.

"ஆத்தாடி! சுடுதே!"

அப்போதுதான் கரடி திரையை உற்றுப் பார்த்தது. நாணல் ஒவ்வொன்றும் தனித்தனியே ஆடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு நாணலுக்கும் தண்ணீரில் ஒரு நிழல். அலை அசைய அந்த நிழலும் அசைந்தது. மேகம் தண்ணீருக்குள் மிதந்தது. தூறலின் ஒவ்வொரு துளிக்கும் ஒரு சின்ன வட்டம் விரிந்தது.

"அடடா! இத்தனையையும் அந்தக் கார்டுதானே கணத்துக்குக் கணம் புதுசா வரையணும்!" என்றது கரடி. "பன்றியோட கேம்ல என்ன இருக்கு? ரெண்டு கட்டைப் பொம்மை, ஒரு மொட்டைத் தரை. சத்தம் வர்றது ஸ்பீக்கர்ல. படம் வரையிற கார்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லையே! தம்பி, என்னை மன்னிச்சிடு."

கொக்கு கழுத்தை மடக்கிக்கொண்டு மெதுவாகக் கேட்டது.

"அப்போ... இனிமே நான் வரக்கூடாதா?"

பன்றி முன்னால் வந்தது.

"ஏன் வரக்கூடாது? வெளியே போன்னு கேக்குறது எப்படி இருக்கும்னு எனக்குத்தான் தெரியும். அண்ணே, நிழலையும் தூறலையும் கொஞ்சம் குறைச்சா மீன் கோவிச்சுக்குமா என்ன?"

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். கரடி செட்டிங்ஸைத் திறந்தது. உச்சத்தில் இருந்த நிழலை நடுத்தரத்துக்கு இறக்கியது. தண்ணீரில் தெரிந்த மேகத்தை எடுத்தது. தூறலை நிறுத்தியது. விசிறியின் இரைச்சல் அடங்கிப் படம் தடங்கலில்லாமல் ஓடியது.

"ஏரி கொஞ்சம் சப்புன்னு இருக்கு," என்று கொக்கு முணுமுணுத்தது. ஆனாலும் தூண்டிலை வீசியது. பன்றி பக்கத்திலேயே உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது. மத்தியானம் வந்தது, போனது. பெட்டி அணையவில்லை. சாயங்காலம் தூண்டில் வளைந்தது.

"விடாதே, இழு! இழு!" என்று பன்றி குகை அதிர உறுமியது.

கொக்கு இழுத்தது. விரால் துள்ளிக்கொண்டு கரைக்கு வந்தது. அன்று முதல் அந்தக் குகையில் எல்லாருக்கும் ஒரே அளவு நேரம்தான்.

நீதி: ஒருவர் போடும் சத்தத்தை வைத்து அவர் தரும் சுமையை எடை போடாமல், தொட்டுப் பார்த்த பிறகே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.