புதன்கிழமை மாத்துன நோட்டு

தென்காசியில பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால ஒரு பாத்திரக்கடை. அதுக்கு மேல மாடியில செல்வின்னு ஒரு சார் இங்கிலீஷ் சொல்லிக் குடுத்துட்டு இருந்தாரு. வயசு இருபத்தொம்பதுதான். பேச்சு ரொம்பக் கம்மி. கீழ கடையில ஒரு குடம் உருண்டா தெருமுனை வரைக்கும் கேக்கும். மேல சார் பாடம் எடுத்தா ரெண்டாவது பெஞ்சுக்கே காதைத் தீட்டி வச்சிருக்கணும்.

அந்த மாடிப்படி இருக்கே, அதைச் சொல்லாம விட முடியாது. கட்டும்போது கொத்தனாருக்கும் கடைக்காரருக்கும் சண்டை. கொத்தனார் கடைசிப் படியைக் கட்டாமலே கரண்டியைக் கழுவிட்டுப் போயிட்டாரு. அதனால மேல் படி முழங்கால் உசரம். ஏறி வர்றவங்க எல்லாரும் சாரைக் கும்பிட்டுக்கிட்டே வர்ற மாதிரி இருக்கும். கும்பிடு இல்ல, முட்டுவலி.

படிக்க வந்ததெல்லாம் வளந்த ஆளுங்க. நர்ஸுங்க, துபாய் போறதுக்கு நிக்கிற எலக்ட்ரீசியன், அமெரிக்கப் பேத்திகிட்ட பேசணும்னு ஒரு ரிட்டயர்டு தாசில்தார். எல்லாருக்கும் ஒரே வீட்டுப்பாடம். தினம் பத்து வாக்கியம். அஞ்சு ஆசை, அஞ்சு மாதிரி.

ஆசைன்னா நடக்காத ஆசை. 'ஐ விஷ் ஐ வேர் எ பேர்ட்', நான் பறவையா இருந்தா நல்லாருக்கும். மாதிரின்னா இல்லாத மாதிரி. நடுவுல 'ஆஸ் இஃப்' வரணும். அவன் ராஜா மாதிரி நடக்கான், ஆனா ராஜா இல்ல.

"இருக்குறதை எல்லாரும் சொல்லிருவாங்க. இல்லாததைச் சொல்ல வந்துட்டா பாஷை வந்துட்டுன்னு வச்சுக்கலாம்," அப்படிம்பாரு சார்.

பச்சை மையில தப்பை மட்டும் திருத்துவாரு. ஏன் எழுதுன, யாரைப் பத்தி எழுதுனன்னு ஒரு வார்த்தை கேட்டது கிடையாது. புதன்கிழமை மட்டும் அவர் திருத்த மாட்டாரு. காலையில வர்றவங்க நோட்டை சாயங்காலம் வர்றவங்ககிட்ட குடுப்பாரு, அவங்க நோட்டை இவங்ககிட்ட.

சாயங்கால கிளாஸ்ல செண்பகம்னு ஒரு நர்ஸ். ஆஸ்பத்திரியில பதினஞ்சு வருசம் சர்வீஸ். அயர்லாந்துல வேலை ஏறக்குறைய கிடைச்ச மாதிரிதான். சனிக்கிழமை மதுரையில இங்கிலீஷ் பரிச்சை, அதுல தேறிட்டா ரெண்டு வருசம் போயிட்டு வரலாம். தேறலைன்னாலோ, போகலைன்னாலோ அந்த இடம் வேற ஆளுக்கு.

அவ வீட்டுக்காரன் பேரு குற்றாலலிங்கம். மோட்டாருக்கு செம்புக் கம்பி சுத்தி காயில் கட்டுற கடை வச்சிருந்தான். வேலையில கெட்டிக்காரன். சட்டைப் பையில எப்பவும் டெஸ்டர் இருக்கும். ஒயரைப் பிடுங்கி கையில குடுத்தாலும் கரண்டு இருக்கான்னு டெஸ்டர் வச்சுப் பாக்காம தொட மாட்டான். அந்தத் தொழிலுக்கு அது நல்ல குணம்தான். வீட்டுக்கும் அதையே கொண்டு வந்துட்டான், அதுதான் தொல்லை.

பரிச்சைக்கு முந்துன ஞாயித்துக்கிழமை, கரண்டு பில்லைத் தேடப் போனவன் கையில அவ நோட்டு மாட்டுச்சு. கேட்டலாக் படிக்கிற அளவு இங்கிலீஷ் அவனுக்குத் தெரியும். எழுத்துக் கூட்டிப் படிச்சான்.

'ஐ விஷ் ஐ வேர் அலோன்.' நான் தனியா இருந்தா நல்லாருக்கும்.

வீட்டுல ஒருத்தர் போலீஸ்காரர் மாதிரி உக்காந்திருக்காருன்னு இன்னொண்ணு.

அதுக்கும் கீழ, 'ஹி லிசன்ஸ் டு மி ஆஸ் இஃப் ஐ வேர் எ சாங்.' நான் ஏதோ பாட்டு மாதிரி அவர் நான் சொல்றதைக் கேக்காரு.

பக்கத்துல பச்சை மையில 'குட்'.

தனியா இருக்கணும்கிறதை விட்டுரலாம். போலீஸ்காரர் யாருன்னு அவனுக்கே தெரியும். இந்த 'ஹி' யாரு? பதினாறு வருசத்துல அவ பேசுனதை அவன் பாட்டு மாதிரி ஒரு நாளும் கேட்டதில்ல. அப்ப வேற எவனோ கேட்டிருக்கான். அதுக்கு 'குட்' போட்டவன் யாரு?

எங்க பெரிய நாத்தனார் ஒருத்தி இருந்தா. பால்காரன் தண்ணி கலக்கான்னு சந்தேகப்பட்டு மாடே வாங்குனா. ஒரு மாசம் நிம்மதியா இருந்தா. அப்புறம் மாடு இம்புட்டுத் தண்ணி குடிக்குதே, ஏன் குடிக்குதுன்னு கொட்டகைக்குள்ளயே ஸ்டூல் போட்டு உக்காந்துட்டா. சந்தேகத்துக்கு ஒரு பதில் கிடைச்சா, அது அந்தப் பதிலையும் சேத்துத் தின்னுட்டுப் பெருக்கும்.

இவன் பொண்டாட்டிகிட்ட வாயைத் திறக்கல. பீரோவில இருந்து அவ பாஸ்போர்ட்டை எடுத்துக் கடையில வச்சுப் பூட்டிட்டான். அது இல்லைன்னா பரிச்சை ஹாலுக்குள்ள விட மாட்டாங்க.

ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாலயே அவ தேடிட்டா.

"பாஸ்போர்ட்டைக் காணும். பாத்தியளா?"

"எங்கிட்டதான் இருக்கு. கடையில பத்திரமா."

"சனிக்கிழமை வேணும்."

"பாப்போம்."

அவ மாவைக் கரைக்கப் போயிட்டா.

திங்கக்கிழமை விடிஞ்சதும் பாத்திரக்கடைக்குப் போனான். அப்பத்தான் கடைக்காரர் ஷட்டரைத் தூக்கிட்டு இருந்தாரு.

"அண்ணாச்சி, மாடியில பேசுறது உங்களுக்குக் கேக்குமா?"

"ஒண்ணும் கேக்காதுவே. அந்தத் தம்பி தங்கமான தம்பி. இருக்குறதே தெரியாது."

இருக்குறதே தெரியாதுன்னதும் இவனுக்கு இன்னும் குடைஞ்சுச்சு. மேல ஏறுனான். கடைசிப் படியில தடுமாறி, சார் முன்னால கும்பிட்ட மேனிக்கு நின்னான்.

"வாங்க அண்ணாச்சி. என்ன விசயம்?"

"இங்கிலீஷ் படிக்கணும் தம்பி."

"எதுக்கு?"

"மோட்டார் கேட்டலாக் வாசிக்க."

"நான் சொல்லிக் குடுக்குறது ஆசையும் மாதிரியும். கேட்டலாக்ல அதெல்லாம் வராதே."

"வராட்டி என்ன? படிச்சு வைப்போம்."

சார் அவனைக் காலை கிளாஸ்ல உக்கார வச்சாரு. தாசில்தாருக்குப் பக்கத்துல.

செவ்வாக்கிழமை இவன் முதல் நோட்டு வந்துச்சு. அத்தனையும் ஊசி. 'தி டீச்சர் ஸ்மைல் ஆஸ் இஃப் ஹி வேர் எ குட் மேன்.' வாத்தியார் நல்லவன் மாதிரி சிரிக்கான். இன்னொண்ணு, இந்த ரூம்ல நான் ஒரு சுவரா இருந்தா நல்லாருக்கும். நோட்டை நீட்டிட்டு சார் மூஞ்சியையே பாத்துக்கிட்டு நின்னான்.

சார் வாசிச்சாரு. பேனாவை எடுத்தாரு.

"ஸ்மைலுக்குப் பின்னால ஒரு எஸ் வரணும் அண்ணாச்சி."

"அவ்வளவுதானா?"

"மத்தபடி சரியா இருக்கு."

"அர்த்தம் விளங்குச்சா?"

"விளங்குச்சு. அந்தச் சுவர் நல்ல ஆசை."

தாசில்தார் எட்டிப் பாத்துட்டு இருமுனாரு. அவருக்கு இருமல் எல்லாம் கிடையாது.

ஊசி தீந்துபோச்சு. புதன்கிழமைக்குப் பத்து எழுதணுமே. கடையில உக்காந்து, காயில் சுத்துறதுக்கு நடுநடுவுல கைக்கு வந்ததை எழுதுனான். நான் கல்யாணம் ஆகாதவனா இருந்தா நல்லாருக்கும். சாரல் சீசன் முழுக்க நான் அருவிக்கரையிலயே கிடந்தா நல்லாருக்கும். 'ஷி வாக்ஸ் ஆஸ் இஃப் ஷி வேர் எ பீகாக்', அவ மயில் மாதிரி நடக்கா. பத்தாவதுக்கு ஒண்ணும் தோணல. பேனாவைக் கடிச்சுக்கிட்டே இருந்து, கடைசியில என்னமோ ஒண்ணை எழுதி மூடுனான்.

புதன்கிழமை கிளாஸ் முடிஞ்சது. எல்லாரும் இறங்குற வரைக்கும் நின்னான்.

"தம்பி, நேரா கேக்கேன். செண்பகம் என் பொண்டாட்டி."

"தெரியும் அண்ணாச்சி."

"அவ நோட்டுல ஒருத்தன் இருக்கான். பாட்டு மாதிரி அவ பேச்சைக் கேக்கானாம். அவன் யாரு?"

"எனக்குத் தெரியாது."

"நீங்கதான குட் போட்டிய?"

"தப்பு இல்லாம எழுதியிருந்தாங்க. அதுக்குப் போட்டது."

"யாருன்னு கேக்கலையா?"

"இல்ல."

"ஒரு பொம்பளை இப்படி எழுதுதா, கேக்கத் தோணாதா? அவ எழுதுறது நெசமா, பொய்யா?"

சார் அவன் கையில இருந்த நோட்டை மெதுவா வாங்குனாரு. மேசையில இருந்த அடுக்குல வச்சாரு.

"இன்னைக்குப் புதன். உங்க நோட்டை செண்பகம் சிஸ்டர் திருத்துவாங்க."

அவன் அடுக்குப் பக்கம் கையை நீட்டுனான்.

"அதைக் குடுங்க."

"ஏன் அண்ணாச்சி?"

"அதுல கண்டதையும் எழுதி வச்சிருக்கேன்."

"எல்லாரும் அதைத்தான் எழுதுறாங்க."

"அய்யா, அதுல மயில்னு ஒண்ணு இருக்கு. அவ தப்பா எடுத்துக்கிடுவா."

"தப்பு இருந்தா திருத்துவாங்க," அப்படின்னுட்டு சார் போர்டை அழிக்கப் போயிட்டாரு.

அன்னைக்கு சாயங்காலம் கடையை சீக்கிரம் அடைச்சுட்டு வீட்டுல வந்து உக்காந்துட்டான். அவ எட்டு மணிக்கு வந்தா. கை கால் கழுவுனா. தோசைக்கல்லை வச்சா.

"கிளாஸ்ல இன்னைக்கு என்ன?" இவன் மெதுவா ஆரம்பிச்சான்.

"நோட்டு திருத்துனோம்."

"யார் நோட்டு?"

"காலையில வர்ற ஒரு புது ஆளாம். எழுத்தா அது, கோழி கிண்டி வச்ச மாதிரி."

"என்ன எழுதியிருந்தான்?"

"அடுத்தவங்க நோட்டுல இருக்குறதை வெளிய சொல்லக்கூடாது. சார் ரொம்பக் கண்டிப்பு. இன்னொரு தோசை வைக்கவா?"

அவ மூஞ்சியில ஒண்ணுமே இல்ல. ஊசி போடும்போது நர்ஸுங்க மூஞ்சி ஒண்ணு இருக்குமே, வலிக்குமா வலிக்காதான்னு நமக்குக் கண்டே பிடிக்க முடியாத மூஞ்சி. அந்த மூஞ்சி.

வியாழக்கிழமை காலையில நோட்டு திரும்பி வந்துச்சு. அவசரமா விரிச்சான். சிவப்பு மை. பீகாக்ல ஒரு எழுத்து விட்டுருந்தான், அதைச் சேத்திருந்தா. மயிலுக்கு ஒரு டிக். கல்யாணம் ஆகாதவனுக்கு ஒரு டிக். பத்தாவது வாக்கியத்துக்கும் ஒரு டிக்தான். அது என்னன்னா, 'ஐ விஷ் மை வைஃப் வேர் நாட் கோயிங்.' என் பொண்டாட்டி போகாம இருந்தா நல்லாருக்கும்.

பத்துக்கு ஒன்பது போட்டிருந்தா. வேற ஒரு புள்ளி கிடையாது.

அன்னைக்குப் பூரா அவ எப்பக் கேப்பா, எப்பக் கேப்பான்னு இருந்தான். அவ கேக்கல. துணியைக் காயப்போட்டா, தொட்டித் தண்ணியை நிரப்புனா, ஒரு மூலையில உக்காந்து பரிச்சைக்குப் படிச்சா. பாஸ்போர்ட்டைப் பத்திக்கூட வாயைத் திறக்கல. போகவேண்டாம்னு முடிவு பண்ணிட்டாளா, இல்ல அது இல்லாமலே போறதுக்கு ஏதும் வழி வச்சிருக்காளா? அவனுக்கு அதுவும் ஒரு சந்தேகம்.

அந்த 'ஹி' யாருன்னு நீங்களும் நினைப்பீங்க. நானும் நினைச்சேன். ஆஸ்பத்திரியில படுக்கையில கிடந்த ஏதோ ஒரு கிழவரா இருக்கலாம். பொய்யாவே இருக்கலாம். இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை விடியக்காலம், கிளாஸுக்கு ஒரு மணி நேரம் முன்னாலயே லிங்கம் படியேறுனான். சார் பெஞ்சைத் துடைச்சுக்கிட்டு இருந்தாரு.

"சார்." தம்பி போய் சார் வந்துருச்சு. "அவ ஏன் ஒண்ணுமே கேக்கல?"

"எதைப் பத்தி?"

"அந்த மயில் யாருன்னு."

"யாரு?"

"யாருமில்ல சார். கடைக் காலண்டர்ல மயில் படம் இருந்துச்சு. வேற ஒண்ணும் தோணல, எழுதுனேன்."

"சரி."

"என்ன சார் சரிங்கிய? கேட்டாத்தான நான் சொல்ல முடியும்? கேக்காம அவளா மனசுல ஒண்ணை வச்சுக்கிட்டு இருந்தா நான் என்ன செய்ய? ரெண்டு நாளா எனக்கு சோறு இறங்கல."

சார் துடைச்ச பெஞ்சுல உக்காந்தாரு. அவனையும் உக்காரச் சொன்னாரு.

"அவங்க நோட்டை நீங்க எடுத்துப் படிச்சு எத்தனை நாளாச்சு?"

"ஞாயித்துக்கிழமை. அஞ்சு நாள்."

"அந்த அஞ்சு நாள்ல யார் யார்கிட்ட கேட்டிய?"

"உங்ககிட்ட கேட்டேன். கீழ பாத்திரக்கடை அண்ணாச்சிகிட்ட கேட்டேன். ஆஸ்பத்திரி வாட்ச்மேன்கிட்ட ஒரு தடவை…"

விரல் விட்டு எண்ணிட்டு இருந்தவன் மூணோட கையை மடக்கிட்டான்.

கீழ ஷட்டரைத் தூக்குற சத்தம் கேட்டுச்சு. லிங்கம் சட்டைப் பைக்குள்ள கையை விட்டு, கடையில இருந்து கொண்டு வந்திருந்த பாஸ்போர்ட்டை எடுத்தான். பெஞ்சுல வச்சு, சார் பக்கமாத் தள்ளுனான்.

"சாயங்காலம் அவ வருவா. நீங்களே குடுத்துருங்க சார்."

சார் அதைத் தொடல.

அது ரெண்டு பேருக்கும் நடுவுல கிடந்துச்சு. அப்புறம் லிங்கமே எடுத்துத் திரும்பப் பையில வச்சான். எந்திரிச்சான். படிகிட்ட போய் நின்னான்.

"நாளைக்கு மதுரைக்கு எத்தனை மணி வண்டிக்குப் போகணும் சார்?"

"அதையாவது அவங்ககிட்ட கேளுங்க அண்ணாச்சி."