குகை வாசலில் குளிர்ப் பரீட்சை

ஒரு மலைக்காட்டில், மார்கழி பிறந்தாலே புல்மேல் வெள்ளையாக உறைபனி படிந்துவிடும். மிருகங்கள் எல்லாம் கரடியின் குகைக்குள் ஓடி, ஒன்றை ஒன்று ஒட்டிப் படுத்துக்கொள்ளும். யாரும் யாரையும் ஒரு கேள்வி கேட்டதில்லை.

அந்த வருஷம் பார்த்து ஒரு மைனா வந்து சேர்ந்தது. மலையுச்சி விடுதியில் கூண்டுக்குள் வளர்ந்த மைனா. அடேயப்பா, அது பண்ணிய அலட்டல் இருக்கிறதே!

"குளிர் லேசா இருந்தா இங்கிலீஷ்ல கூல். ஸ்வெட்டர் தேடினா சில்லி. தண்ணி கட்டியாப் போனா ஃப்ரீசிங். நீங்க என்னடான்னா, எல்லாத்துக்கும் 'குளிருது'ங்கிறீங்க. கேக்கவே கூச்சமா இருக்கு!"

கரடி சொக்கிப்போயிற்று. "நம்ம குகைக்கும் ஒரு தரம் வேண்டாமா? இனிமே குளிரை இங்கிலீஷ்ல சரியாச் சொல்றவங்களுக்குத்தான் உள்ளே இடம். மைனா, நீயே வாசல்ல நின்னு பரீட்சை வை."

மறுநாள் காலை கடும் பனி. காட்டுப்பன்றி வந்து, "ஃப்ரீசிங்!" என்று கத்தியது. உள்ளே விட்டார்கள். மான், "கூல்" என்றது. "இந்தப் பனிக்குக் கூலா? போய்ப் படிச்சிட்டு வா!" என்று மைனா விரட்டியது. மான் போக்கிடம் இல்லாமல் வாசல் ஓரமாக ஒதுங்கி நின்றது.

அடுத்து வந்தது தாய் முயல். அது தூக்கி வந்த குட்டியின் உடம்பு விறைக்கத் தொடங்கியிருந்தது.

"குளிருதுங்க. என் பிள்ளையையாவது உள்ளே விடுங்க!"

"அது தமிழு. இங்கிலீஷ்ல சொல்லு."

"சி... சில்..."

"சில்லியா? அது சாயங்காலக் காத்துக்குச் சொல்றது. தப்பு!"

முயல் அழுதது. பாவி மைனா அசையவே இல்லை.

அந்த நேரம் பார்த்து, கறையான் புற்றைத் தேடிப் போயிருந்த கரடி ஓடையில் வழுக்கி விழுந்து, சொட்டச் சொட்ட ஓடி வந்தது. "அய்யய்யோ, குளிருதே! வழிவிடு!"

மைனா சிறகை விரித்து மறித்தது. "இங்கிலீஷ்ல என்னங்க ஐயா?"

கரடிக்குப் பல் கிட்டிப்போயிற்று. தெரிந்த வார்த்தை ஒன்றும் வாயில் வரவில்லை. "அடேய், இது என் குகைடா!"

"சட்டமும் உங்களுதுதாங்க ஐயா. மீறலாமா?"

கரடி திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் முயல்குட்டி கண் செருகிக் கிடந்தது. வெட்கத்தில் கரடிக்கு முகம் சுருங்கிவிட்டது.

"சட்டமாவது, மண்ணாவது!" என்று மைனாவை ஒரே தட்டாகத் தட்டிவிட்டு, முயலையும் குட்டியையும் மானையும் முன்னால் அனுப்பிப் பின்னாலேயே தானும் நுழைந்தது. பன்றியின் வயிற்றோடு ஒட்டிக் கிடந்த குட்டி கொஞ்ச நேரத்தில் காதை ஆட்டியது.

வெளியே பனியில் விழுந்து கிடந்த மைனா அலறியது. "ஐயோ, குளிருதே! அம்மா, குளிருதே!"

முயல் எழுந்து வாசலுக்கு வந்தது. ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து, உள்ளே வர வழிவிட்டது.

நீதி: நடுங்கி வந்து நிற்பவருக்கு முதலில் கதவைத் திறக்க வேண்டும், அவர் எந்த மொழியில் நடுங்குகிறார் என்று கேட்கக் கூடாது.