நொச்சிமடை சிங்கப்பூர் ஆன கதை

நொச்சிமடைக்காரர்களை முட்டாள்கள் என்று சுற்றுவட்டாரத்தில் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நாட்டில் மற்றவர்கள் சொன்னதைச் செய்வதில்லை. இவர்கள் சொன்னதைச் சொன்னபடியே செய்துவிடுகிறார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

தென்காசியிலிருந்து மலையடிவாரமாகப் போனால் முதலில் ஆலடிப்பாறை வரும். அதைத் தாண்டினால் ஒரு வாய்க்கால், வாய்க்கால்மேல் ஒரு சின்னப் பாலம். பாலத்துக்கு அந்தப் பக்கம் நொச்சிமடை. அந்த ஊர்க் குளத்தங்கரையில் ஒருமுறை சினிமாக்காரர்கள் வந்து படம் எடுத்தார்கள். உள்ளூர் இளவட்டமான வண்டிமலையானுக்கு அதில் வேஷம் கிடைத்தது.

"கதாநாயகி எம்மேல விழுந்து அழுதால்லா" என்பான் வண்டிமலையான். நொச்சிமடையில் யாரும் சந்தேகப்படவில்லை. அந்தப் பழக்கமே அங்கே கிடையாது. ஆலடிப்பாறைத் திருமலைக்கொழுந்துக்கு மட்டும் அந்தப் பழக்கம் இருந்தது. வினை என்னவென்றால், அவருடைய மகள் குற்றாலச்செல்வியைத்தான் வண்டிமலையான் விரும்பினான். அவளும் இவனைத்தான் கட்டுவேன் என்று நின்றாள்.

பெண் கேட்டுப் போனபோது திருமலைக்கொழுந்து ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

"சினிமாவுல நடிச்சேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுதீரு. எங்கண்ணால பாக்கணும். பாத்துட்டா பொண்ணு உமக்கு. இல்லைன்னா பொய்யனுக்கு எம்மவளைக் கொடுக்க மாட்டேன். ஆவணி பொறக்கதுக்குள்ள காட்டும். சங்கரன்கோவில்ல ஒரு மாப்பிள்ளை தயாரா நிக்கான்."

படம் தியேட்டருக்கு வரவில்லை. நேராக ஓர் ஓடிடி ஆப்பில் போட்டுவிட்டார்கள். நல்லவேளையாக அந்த ஆப்புக்கு நொச்சிமடை முன்னேற்ற மன்றம் சந்தா கட்டி வைத்திருந்தது. மன்றத்துப் பெரிய டிவியில் பனிக்கரடி குட்டி போடுவதையும் வெள்ளைக்காரர்கள் கேக் சுடுவதையும் பார்த்துப் பார்த்து ஊரே அறிவில் முன்னேறியிருந்தது. எல்லோரும் கூடி உட்கார, மன்றத் தலைவர் சிவனணைஞ்சபெருமாள் படத்தின் பெயரைத் தேடி அமுக்கினார்.

"இந்தப் படம் உங்கள் பகுதியில் கிடைக்காது" என்று திரையில் வந்தது.

ஊரில் லோடு ஆட்டோ வைத்திருந்த பிச்சைக்கண்ணுவின் மச்சான் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். அவனும் அதே ஆப்புக்குத்தான் சந்தா கட்டுகிறான். போன் போட்டுக் கேட்டார்கள். அவனுக்குப் பனிக்கரடியும் உண்டாம், நொச்சிமடைப் படமும் உண்டாம். படத்தில் வண்டிமலையான் வருகிறானா என்று கேட்டதற்கு, "பேரு போடும்போதே தூங்கிட்டேன், ஆனா நல்ல படம்" என்றான்.

தலைவர் கொஞ்சநேரம் தாடையைத் தடவினார். "உங்கள் பகுதியில் கிடைக்காதுன்னா, டிவி இருக்கப்பட்ட பகுதி சரியில்லன்னு அர்த்தம். வேற பகுதிக்குத் தூக்குங்கவே."

கீழத்தெருவுக்குத் தூக்கினார்கள். பள்ளிக்கூடத்துக்குத் தூக்கினார்கள். கோயில் வாசலில் வைத்துச் சூடம் காட்டினார்கள். மலையடிவாரத்து மோட்டார் அறைவரைக்கும் கொண்டுபோனார்கள். எங்கே வைத்தாலும் பனிக்கரடிதான் வந்தது.

கடைசியில் அந்தக் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டார்கள். ஒரு பெண்பிள்ளை எடுத்தது.

"அம்மா, படம் எடுத்தது எங்க ஊரு" என்றார் தலைவர். "குளம் எங்க குளம். அதுல தண்ணி குடிக்கிற எருமை நம்ம ஊய்க்காட்டானோட எருமை. அவன் எருமையை அவனே பாக்க முடியல பாத்துக்கிடுங்க."

"புரியுதுங்க சார். இந்தியாவுல காட்டுற உரிமை எங்ககிட்ட இல்ல. நீங்க சிங்கப்பூர்ல இருந்தா பாக்கலாம்."

"நாங்க இங்க இருக்கோம்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்ல வேண்டியதில்ல சார். டிவி எந்த ஊர்ல இருக்குன்னு ஆப்பே கண்டுபிடிச்சிரும்."

போனை வைத்துவிட்டு எல்லோரும் டிவியை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அத்தனை நாள் கூடவே இருந்துகொண்டு காட்டிக் கொடுத்திருக்கிறதே என்று மனசு கசந்தது.

ஊரில் யோசிக்கிற வேலை ஊய்க்காட்டானுடையது. எருமை மேய்க்கும்போது வேறு வேலை இல்லாததால் அதைக் கற்றுக்கொண்டிருந்தான்.

"டிவிக்குக் கண்ணைக் கட்டிருவோம்" என்றான். "கம்பளியைப் போட்டு மூடி, ஆட்டோவுல வச்சு நல்லா சுத்து சுத்துன்னு சுத்தணும். எறக்கி வச்சு, சிங்கப்பூரு வந்துட்டுன்னு சொல்லணும். அதுக்கு என்ன தெரியப் போவுது?"

"சிங்கப்பூருக்குக் கடல் தாண்டணுமே?" என்றான் பிச்சைக்கண்ணு.

அதற்கும் வழி செய்தார்கள். ஆட்டோவைக் குளத்துக்குள் முழங்கால் தண்ணீரில் இறக்கி ஓட்டினார்கள். தலைவர் பக்கத்திலேயே நடந்துவந்து கப்பல் சங்கு ஊதினார். வண்டிமலையான் டிவியின் காதோரம், "அலை ஜாஸ்தியா இருக்கு, பயப்படாத" என்று ஆறுதல் சொன்னான். கரையேறி மன்றத்தில் வைத்துக் கம்பளியை விலக்கி, எல்லோருமாக, "சிங்கப்பூர் வந்தாச்சு" என்றார்கள்.

"இந்தப் படம் உங்கள் பகுதியில் கிடைக்காது" என்றது டிவி.

எப்படித் தெரிந்தது என்று பெரிய விசாரணை நடந்தது. வழியில் எருமை கத்தியதால் தெரிந்துவிட்டது என்றான் பிச்சைக்கண்ணு. சிங்கப்பூரில் எருமை இல்லையா என்று ஊய்க்காட்டானுக்குக் கோபம் வந்தது. வண்டிமலையானுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனி முடிந்து ஆடி பிறந்திருந்தது. சங்கரன்கோவில் மாப்பிள்ளை ஜாதகம் கொடுத்தனுப்பிவிட்டதாகச் செல்வி போனில் சொல்லியிருந்தாள்.

தலைவர் அவனைத் தட்டிக்கொடுத்தார். "தப்பு நம்ம மேலதாம்ல. பொய் சொன்னோம், அது கண்டுபிடிச்சிட்டு. பொய் எதுக்கு? நெசமாவே சிங்கப்பூர் ஆயிருவோம்."

மன்றத்தில் தீர்மானம் போட்டார்கள். ஒருவர்கூட எதிர்க்கவில்லை. மறுநாளே ஊர்ப் பலகையில் நொச்சிமடையை அழித்து, சிங்கப்பூர் என்று எழுதினார்கள். பலகை சின்னதாக இருந்ததால் 'ர்' மட்டும் பக்கத்து வேப்பமரத்தில் வந்தது.

சிங்கப்பூர் என்றால் சும்மாவா? வெற்றிலை போட்டுத் துப்பக்கூடாது என்று சட்டம் வந்தது. துப்பாமல் இருக்க முடியாதவர்கள் வாயை நிறைத்துக்கொண்டு பாலம் தாண்டிப்போய் இந்தியாவில் துப்பிவிட்டு வந்தார்கள். மன்றத்துக் கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தார்கள். அதுமுதல் எட்டு மணி பஸ் தினமும் பத்தரைக்கு வந்தது. கண்டக்டரைத் தலைவர் பிடித்துக்கொண்டு, அரசாங்கம் இப்படியா நடக்கும் என்று கேட்டார். கண்டக்டர் பாவம், டிரைவரைத் திட்டினார்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வயல் வைத்திருந்தவர்களின் பாடுதான் திண்டாட்டம். காலையில் களை எடுக்கப் போகிறவர்களை வெளிநாடு போகிறார்கள் என்று வீட்டார் பாலம்வரை வந்து கண்ணீரோடு வழியனுப்பினார்கள். சாயங்காலம் திரும்பும்போது, "வெளிநாட்டுல இருந்து என்ன வாங்கிட்டு வந்தீய?" என்று பிள்ளைகள் பையைப் பிடுங்கின. வெண்டைக்காயைப் பார்த்து அழுதன.

பாலத்தில் ஒரு கோடு கிழித்து, பாஸ்போர்ட் பார்க்க ஆள் போட்டார்கள். விஷயமே அவனுடையது என்பதால் அந்த வேலையை வண்டிமலையான் கேட்டு வாங்கிக்கொண்டான். களையெடுக்கிறவர்களுக்கு மன்றத்து ரப்பர் முத்திரையைக் கையிலேயே குத்தி அனுப்புவதென்று ஏற்பாடு. முத்திரை வயல் வேலைக்கு மட்டும்தான் செல்லும். கல்யாண விஷயமாகப் போக வேண்டுமென்றால் முகப்படம் ஒட்டிய பாஸ்போர்ட்தான் வேண்டும். அது நொச்சிமடையில் ஒருவரிடமும் இல்லை.

இப்படி ஊர் முழுசாகச் சிங்கப்பூர் ஆகிவிட்டது. இனி டிவியைத் திறந்து பார்க்க வேண்டியதுதான் என்று நல்ல நேரம் குறித்து உட்கார்ந்தார்கள். அந்த நேரம் பார்த்து வாடிக்கையாளர் சேவைப் பெண்ணிடமிருந்து போன் வந்தது.

"சார், ஒரு சந்தோஷமான செய்தி. நீங்க கேட்ட படத்துக்கு உரிமை வாங்கிட்டோம். இன்னையிலருந்து இந்தியாவுல பாக்கலாம்."

தலைவர் முகம் செத்துவிட்டது. "இந்தியாவுலயாம்மா? நாங்க இப்ப சிங்கப்பூர்லல்லா இருக்கோம்."

"அப்படியா சார், எப்ப போனீங்க?"

"போன வெள்ளிக்கிழமை."

"அங்க நேத்தோட அந்தப் படத்தைத் தூக்கிட்டாங்க சார். எந்தெந்தப் படம் எந்தெந்த நாட்டுலங்கறது மாசாமாசம் மாறும்."

பிச்சைக்கண்ணுதான் மெதுவாக, "சும்மா அமுக்கித்தான் பாப்பமே" என்றான். தலைவர் அவனை எரித்துவிடுவதுபோல் பார்த்தார். "இந்தியாக்காரன் பாக்க வேண்டிய படத்தைச் சிங்கப்பூர்க்காரன் பாக்கதா? நமக்குன்னு ஒரு சட்டம் இருக்குல்லா?"

வேறு வழியில்லை. டிவியை இந்தியாவுக்குக் கொண்டுபோய், ஆலடிப்பாறையில் திருமலைக்கொழுந்து வீட்டிலேயே வைத்துப் போட்டுக் காட்டுவது என்று முடிவானது. டிவியோடு தலைவரும் ஊய்க்காட்டானும் ஏறிக்கொள்ள, பிச்சைக்கண்ணு ஆட்டோவைப் பாலத்துக்கு ஓட்டிவந்தான். வண்டிமலையான் வண்டியை நிறுத்தினான்.

"டிவிக்குப் பாஸ்போர்ட் இருக்கா?"

"டிவி தென்காசியில வாங்குனது" என்றான் ஊய்க்காட்டான். "பொறந்த நாட்டுக்குப் போவுது. அதை யாரும் தடுக்க முடியாது. நாங்க அதைத் தூக்கிட்டுப் போறவங்க. டிவி நடந்தா நாங்க எதுக்கு வாரோம்?"

நியாயமாகத்தான் பட்டது. மூன்று பேரையும் விட்டான். கடைசியில் தன்னைத் தானே விசாரித்தான். என்ன விஷயமாகப் போகிறாய் என்று கேட்டான். கல்யாண விஷயம். பாஸ்போர்ட் இருக்கிறதா? இல்லை. தெரிந்தவன் என்பதற்காக விட்டுவிட முடியுமா? தன்னைத் திருப்பி அனுப்பிவிட்டுக் கோட்டுக்கு இந்தப் பக்கம் சோர்ந்துபோய் உட்கார்ந்துகொண்டான். எனக்கு அவனை நினைத்தால் இன்றும் பாவமாக இருக்கிறது. அவ்வளவு நேர்மையான ஆபீஸர் நாட்டில் கிடையாது.

திருமலைக்கொழுந்து வீட்டில் படம் தங்குதடையில்லாமல் ஓடியது. எருமை வந்தது. ஊய்க்காட்டான் கைகூப்பினான். படம் முடிகிற நேரத்தில் குளத்தங்கரையில் வெள்ளை வேட்டியால் தலைமுதல் மூடி ஒரு பிணத்தைக் கிடத்தியிருந்தார்கள். கதாநாயகி அதன்மேல் விழுந்து அழுதாள். பிணத்தின் வலது பாதம் மட்டும் வேட்டிக்கு வெளியே தெரிந்தது.

"அதான் எங்க வண்டிமலையான்" என்றார் தலைவர் பெருமையாக.

"எது?"

"அந்தப் பாதம்."

திருமலைக்கொழுந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பெருவிரல் நகம் கோணலாக, மேலே ஒரு மருவோடு இருந்தது. "பாதத்தைப் பாத்துட்டுப் பொண்ணு கொடுக்க முடியாது. ஆளுகிட்ட ஒத்துப் பாக்கணும். அவரு எங்க?"

"சிங்கப்பூர்ல இருக்காரு. பாஸ்போர்ட் இல்லாம வர முடியல."

திருமலைக்கொழுந்து விசுக்கென்று நிமிர்ந்தார். மாப்பிள்ளை சிங்கப்பூரில் இருக்கிறார் என்ற சொல் அவரை என்னவோ செய்துவிட்டது. சங்கரன்கோவில் அப்போதே பாதி மறந்துபோனது. செல்வி திரையில் தெரிந்த பாதத்தைச் செல்போனில் படம் பிடித்துக்கொண்டாள். எல்லோரும் பாலத்துக்கு நடந்தார்கள்.

கோட்டருகே வந்ததும் திருமலைக்கொழுந்து ஊர்ப் பலகையையும் வேப்பமரத்தையும் சேர்த்துப் படித்துவிட்டு நின்றுவிட்டார். அந்நிய நாட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைந்தால் உள்ளே போட்டுவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். வண்டிமலையானாலும் இந்தியப் பக்கம் வர முடியாது. ஊய்க்காட்டான் குனிந்து கோட்டைப் பார்த்தான், நிமிர்ந்து வண்டிமலையானைப் பார்த்தான்.

"பாஸ்போர்ட்டுல மூஞ்சியைத்தான ஒட்டுதான்? காலுக்குப் படம் கிடையாது. அதனால காலுக்குப் பாஸ்போர்ட் வேண்டாம்."

இதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. படத்தில் இருந்தபடியே ஒத்துப் பார்க்க வேண்டும் என்று திருமலைக்கொழுந்து கேட்டுக்கொண்டதால், வண்டிமலையான் சிங்கப்பூரில் மல்லாந்து படுத்து வலது காலை இந்தியாவுக்குள் நீட்டினான். தலைவர் தன் வேட்டியால் அவனைத் தலைமுதல் மூடிவிட்டுத் துண்டைக் கட்டிக்கொண்டார். செல்வி செல்போனைப் பாதத்துக்குப் பக்கத்தில் பிடித்தாள். நகம் சரியாக இருந்தது. மரு சரியாக இருந்தது.

"பொய் சொல்லல அப்பா, இவரு பொய்யே சொல்லல" என்று செல்வி பாதத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். உண்மையான அழுகை. படத்தில் அழுதவளைவிட நன்றாக அழுதாள்.

திருமலைக்கொழுந்துக்கும் கண் கலங்கியது. நல்ல காரியத்தைத் தள்ளிப்போடக் கூடாது என்று, ஆடி மாதம் என்றும் பாராமல் அங்கேயே நிச்சயம் செய்துவிட்டார். கையோ கழுத்தோ வந்திருந்தால் அதற்குச் செய்திருப்பார். கால்தான் வந்திருக்கிறது. வீட்டுக்கு ஆளனுப்பி வேண்டியதை வரவழைத்து, பாதத்துக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, ரோஜாமாலையைக் கணுக்காலில் சுற்றி, தன் விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றிப் பெருவிரலில் போட்டார்.

அந்த நேரத்தில் பஸ் வந்தது. கண்டக்டர் பார்த்தார். வேட்டி மூடிக் கிடக்கிற உருவம், மாலை, காலைப் பிடித்து அழுகிற பெண். விசில் கொடுத்து வண்டியை நிறுத்தினார். பயணிகள் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார்கள். இரண்டு பெண்கள் செல்வியைக் கட்டிக்கொண்டு ஒப்பாரியைத் தொடங்கிவிட்டார்கள்.

கண்டக்டர் திருமலைக்கொழுந்தின் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்ல பையன் அண்ணாச்சி. எப்ப எடுக்கதா இருக்கிய?"

"எடுக்க முடியாதுய்யா, விசா வரல" என்றார் அவர். "ஆவணி கடைசி முகூர்த்தத்துல கல்யாணம். அதுவரைக்கும் காலு மட்டும் எங்க பக்கம் இருக்கட்டும்னு பேசியிருக்கு."

கண்டக்டர் வேட்டியைப் பார்த்தார். வேட்டி அசையவில்லை. படம் எடுத்தவர்கள், 'கட்' என்று சொல்லாமல் எழுந்திருக்கக் கூடாது என்று வண்டிமலையானுக்குச் சொல்லியிருந்தார்கள். இங்கே அதைச் சொல்ல யாருக்கும் தெரியவில்லை.

பஸ் கொஞ்சம் ஒதுங்கி, காலைச் சுற்றிக்கொண்டு போனது. ஆவணிவரைக்கும் அப்படித்தான் போனது.