தவிட்டி கொடுத்த தட்டு

டக், டக்... டக்.

இருட்டிய பிறகு வளை வாசலில் அந்தச் சத்தம் கேட்டது. உள்ளே இருந்த வெள்ளெலி தவிட்டி சட்டென்று தலை தூக்கினாள். அது அவளுடைய தட்டு.

அந்தக் காட்டில் ஒவ்வொரு வெள்ளெலிக் குடும்பத்துக்கும் ஒரு தட்டு உண்டு. இரை தேடிப் போன தாய் திரும்பி வந்து, வாசல் கல்லைப் பின்னங்காலால் தட்டுவாள். தட்டு சரியாக இருந்தால் குட்டிகள் உள்ளிருந்து கல்லைத் தள்ளும். பாறைக்கு அடியில் இருக்கும் வளை. வேறு வழியில் யாரும் நுழைய முடியாது.

"அம்மா வந்தாச்சு" என்று வாசலுக்கு ஓடினான் பெரியவன் பொடியன்.

"லூசு, அம்மா இங்கேதானே இருக்கா" என்றாள் சின்னவள் சிணுங்கி.

பொடியன் அம்மாவைப் பார்த்தான். வாசலைப் பார்த்தான். "அப்போ வெளியே யாரு?"

சிணுங்கிக்குக் காய்ச்சல் என்பதால்தான் தவிட்டி அன்றிரவு இரை தேடப் போகவில்லை. போயிருந்தால்?

"சிணுங்கிக் கண்ணு, அம்மாடி. திறம்மா" என்று குழைந்தது வெளியே ஒரு குரல்.

காலையில் தவிட்டி வெளியே போனபோது புதருக்குப் பின்னாலிருந்து பேசிய அதே குரல். அப்போது அது சொன்னது:

"காட்டுக் காவலிலிருந்து பேசுறேன் தங்கச்சி. யாரோ அடுத்தவங்க தட்டைத் தட்டி ஏமாத்துறாங்க. உன் தட்டு எதுன்னு தெரிஞ்சாத்தானே நாங்க பாதுகாக்க முடியும்?"

"முகத்தைக் காட்டுங்கண்ணே" என்று கேட்டாள் தவிட்டி.

"டியூட்டியில இருக்கேம்மா. குட்டிங்க இருக்கிற வீடு. அப்புறம் ஏதாவது ஆச்சுன்னா என்னைக் கேக்கக் கூடாது."

அந்த வார்த்தையில்தான் அவள் விழுந்தாள். தட்டிக் காட்டினாள். குட்டிகளின் செல்லப் பெயரையும் சொன்னாள். போதாததற்கு நன்றியும் சொல்லிவிட்டு வந்தாள்.

இப்போது கல் இடுக்கில் ஒரு மூக்கு மோப்பம் பிடித்தது. நரி. குட்டிகளின் வாயைப் பொத்திக்கொண்டு தவிட்டி அசையாமல் இருந்தாள். காலடி மெல்ல நகர்ந்தது. பக்கத்து வளைப் பக்கம்.

அங்கே அவளுடைய அக்கா இருக்கிறாள். இந்தத் தட்டைக் கேட்டால் யோசிக்காமல் திறப்பாள். அவளுக்கும் கைக்குட்டிகள்.

'இவ்வளவு உஷாரான நீயா ஏமாந்தே என்று சிரிப்பாளே.' இருந்தாலும் தவிட்டி நடுவில் இருந்த மண் சுவரில் வாயை வைத்தாள்.

"அக்கா, என் தட்டு நரிகிட்ட போயிடுச்சு. நான்தான் கொடுத்தேன். கேட்டா திறக்காதே." அதற்கு மேல் பேச முடியாமல் அழுதாள்.

டக், டக்... டக்.

"யாரு?" அக்காவின் குரல்.

"நான்தான் அக்கா, தவிட்டி."

"தவிட்டி இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் அழுதுட்டிருக்கா. நீ எந்த ஊர் தவிட்டி?"

சருகு மிதிபடும் சத்தம் தூரத்தில் போய் மறைந்தது.

"அழாதே அசடு. சொன்னியே, அதுவே போதும்" என்றாள் அக்கா. "புதுத் தட்டு வச்சுக்கோ. என்னன்னு எனக்குக்கூடச் சொல்லாதே."

தவிட்டி புதுத் தட்டைக் குட்டிகளின் காதில் மட்டும் சொன்னாள். மூலையில் ஒரு முள்கட்டை கிடந்தது. குட்டிகளுக்குத் தூக்க முடியாது என்று இதுவரை தாழ்ப்பாளாகப் போடாமலே விட்டிருந்தாள். இன்று இரண்டும் ஆளுக்கு ஒரு முனை பிடித்தன, தூக்கிவிட்டன. வாசல் கல்லுக்குப் பின்னால் தாழ் விழுந்தது.

முகம் காட்டாமல் பயத்தை மட்டும் காட்டிக் கேட்பவரிடம் உன் வீட்டு அடையாளத்தைக் கொடுக்காதே. கொடுத்துவிட்டால், வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே சொல்லிவிடு.