கஞ்சி குடிக்காத பல்லக்கு

மருதூர் ராஜாவுக்குத் தன் நாடு செழித்துக் கிடப்பதாக ஒரு நினைப்பு. மந்திரியும் ஒத்து ஊதினார். "எல்லாருக்கும் வேலை இருக்கிறது மகாராஜா. கஞ்சித் தொட்டியில் தினமும் ஓசிக் கஞ்சிக்கு நிற்பவர்கள் சோம்பேறிகள்."

ராஜா, கஞ்சி ஊற்றும் சடைச்சியைக் கூப்பிட்டார். "நாளை முதல் வேலையில் இருப்பவன் எவனுக்கும் ஊற்றக் கூடாது."

"யாராக இருந்தாலுமா மகாராஜா?"

"யாராக இருந்தாலும்."

"உத்தரவு" என்று கும்பிட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை ராஜா மலைக்கோயிலுக்குக் கிளம்பினார். பாதி மேட்டில் பல்லக்கு தள்ளாடித் தரையில் உட்கார்ந்துவிட்டது.

"என்னடா ஆச்சு?"

பல்லக்குத் தூக்கிகளில் மூத்தவன் தலை குனிந்தான். "இன்றைக்குக் கஞ்சி கிடைக்கவில்லை சாமி. எங்களுக்குத்தான் வேலை இருக்கிறதே. வாங்குகிற கூலி, பிள்ளைகள் சோற்றுக்கே சரியாகப் போய்விடும். எங்கள் வயிற்றுக்கு அந்தத் தொட்டிதான்."

இப்படி ஆகும் என்று தெரிந்தே, மேட்டோரம் மூடிய பானையோடு சடைச்சி வந்து நின்றிருந்தாள். ராஜா பல்லக்கைவிட்டு இறங்கினார்.

"ஊற்று தாயே."

அவர்கள் குடித்து முடிக்கும்வரை வெயிலில் நின்றார். பிறகு சடைச்சியிடம் கேட்டார். "கூலியை உயர்த்துகிறேன். ஆனால் நாடு செழித்துவிட்டது என்று எனக்கு எப்படித் தெரியும்?"

சடைச்சி காலிப் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"எனக்கு வேலை இல்லாமல் போகிற அன்றைக்கு நானே வந்து சொல்கிறேன் மகாராஜா."