எர் பிடுங்கிய மண்வெட்டிகள்

அந்தக் காலத்தில் சொற்களுக்கும் கைகால் இருந்தது, பசியும் பயமும் இருந்தன. டச்சு மொழியின் சொற்கள் கடலைவிடத் தாழ்ந்த நிலத்தில், ஒரு மண்கரைக்குப் பின்னால் குடியிருந்தன. கரையில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பங்கு. தன் பங்கைக் காக்க முடியாதவர் அதில் மண்வெட்டியைக் குத்திவிட்டு ஊரைவிட்டே போய்விட வேண்டும். அதைப் பிடுங்குகிறவருக்கு அந்த இடம் சொந்தம். ஆயுள் முழுவதும் அதன் பாரமும் சொந்தம்.

எர் என்ற பொடிச் சொல்லுக்குப் பங்கு கிடையாது. அவனுக்குப் பொருளே இல்லை என்றார்கள். "அங்கே" என்று பொருள்படும் டார் அவனுடைய அக்கா. அவள் வீட்டு மூலையில் ஒண்டிக்கிடந்தான்.

ஒருநாள் கரைத்தலைவர் மூட் வந்தார். "வேண்டும்" என்பது அவருடைய பொருள்.

"பொருளில்லாதவனுக்கு இங்கே சோறில்லை. பௌர்ணமிக்குள் இவன் போக வேண்டும்."

"சின்னவன் ஐயா, எங்கே போவான்?" என்றாள் டார்.

"அங்கே என்று கைகாட்டுவதுதானே உன் பிழைப்பு? நீயே காட்டு."

எர் சோற்றைத் தொடவில்லை. இரவுதோறும் வளர்கிற நிலாவைப் பார்த்து மிச்ச நாட்களை எண்ணினான்.

பௌர்ணமியன்று காலையிலேயே கடல் பொங்கியது. கரையின் முதல் இடத்தில் நின்ற மன், அதாவது "மனிதன்", மண்வெட்டியைக் குத்திவிட்டு ஓடினான். மூன்று என்ற எண்ணைத் தனியே விட்டுவிட்டு அதன் பக்கத்தில் நின்ற ஆப்பிளும் மண்வெட்டியைக் குத்திவிட்டு ஓடியது. கடைசியில் கை ஓய்ந்து டாரும் தன் மண்வெட்டியைக் குத்திவிட்டாள்.

எர் முதல் மண்வெட்டியில் கை வைத்தான்.

"வேண்டாம்டா! பிடுங்கினால் சாகிறவரை அந்தப் பாரம் உன் தலையில்தான்!" என்றாள் டார்.

"எனக்கு எந்த இடம் இருக்கிறது அக்கா, பயப்பட?"

மூன்று மண்வெட்டிகளையும் பிடுங்கினான். ஆளில்லாமல் போன ஒரு பள்ளத்திலிருந்து இன்னொன்றுக்கு ஓடினான். தனக்கென்று வடிவம் இல்லாத உடம்பு, எல்லாப் பள்ளத்திலும் ஈர மண்போலப் பொருந்தியது. மாலையில் கடல் இறங்கியது.

ஓடியவர்கள் திரும்பி வந்தார்கள். மூட் தொண்டையைச் செருமினார். "இடம் இவனுடையது. யார் எங்கே நிற்பது என்று இவன்தான் சொல்ல வேண்டும்."

"மன் என் பின்னால் நிற்கட்டும். ஆப்பிள் வீட்டில் இளைப்பாறட்டும், மூன்றுக்கு நான் துணை. அக்கா, அழுத்திச் சொல்ல வேண்டியபோது மட்டும் நீ வா. மற்றபடி என் மூலையில் இரு."

அன்று முதல்தான் டச்சு வாக்கியங்களில் எர் ஓர் இடத்தில் நிலையாக நிற்பதில்லை. ஒரு வாக்கியத்தில் மனிதனுக்கு முன்னால் முதல் இடத்தில், இன்னொன்றில் ஆப்பிளுக்குப் பதிலாக மூன்றின் பக்கத்தில், வேறொன்றில் அழுத்தமில்லாத "அங்கே"யாக நிற்கிறான். பொருள் என்ன என்று கேட்டால் அவனுக்கு இன்றும் சொல்லத் தெரியாது. எந்த மண்வெட்டி எப்போது குத்தப்படுமோ என்று கரை நெடுகப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.